ஆசாரியனும் ஆசானும்
கொச்சி யூதரைப் பற்றிய நூல்கள் சில

வேதாகமத்தைத் தமிழாக்கிய பெரியோர்கள் ஒரு விநோதம் செய்துவைத்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயத்திற் பரம்பரையுரிமையாகப் பலியிட்டுத் தூபங்காட்டி வந்த புரோகிதனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆசாரியன்' என்பது. மக்களுக்கு வேதத்தைக் கற்பித்து வந்த ஆசானுக்கோ, பல இடங்களில், எபிரேயச் சொல்லையே 'ரபீ' என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆசாரியன் என்னுஞ் சொல்லுக்குக் கற்பிப்பவன் என்பதே பொருள் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஆசானுக்குரிய பெயர் பூசாரிக்குப் போயிற்று. ஆசான் தமிழ்ப் பெயரின்றி நின்றான். இதன் பயன் யாதெனின், இன்றும் நம்மவர் ரபீ என்ற சொல்லைக் கேட்டவுடன் 'யூதக் குருக்கள்' என்று கருதிக்கொண்டு, அவருக்கும் ஒரு கோத்திரத்தையும் ஒரு கர்ப்பக்கிருகத்தையும் மனத்துள் அமைத்துவிடுகிறார்கள்.

உண்மை இதற்கு நேர்மாறானது. யூதருள் பிறப்பினால் வந்த புரோகிதர் உண்டு. அவர்கள் கோஹன் எனப்படுவர். ஆரோன் வழியினர் என்பது அவர்களுடைய பாத்தியதை. அவர்களுக்குரிய தொழில் பலியிடுதல். அதற்குரிய இடம் எருசலேம் ஆலயம் ஒன்றே. கி. பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தை எரித்தனர். ஆலயம் போகவே பலி போயிற்று; பலி போகவே புரோகிதனுக்கு வேலை போயிற்று. ஆலய மணியை நம்பிப் பிழைத்த ஒரு மதம் அன்றே மாண்டிருக்க வேண்டும். மாளாததற்குக் காரணம், யோஹனான் பென் ஸக்காய் என்னும் கிழவர் யாவ்னே என்னுஞ் சிற்றூரில் ஒரு பள்ளியைக் கூட்டியதே. அதுமுதல் அச்சமூகத்தின் தலைமை பிறந்தவனிடமிருந்து படித்தவனிடம் சென்றது. படித்தவன் எவனாகவும் இருக்கலாம். ரபீ அக்கிபா நாற்பது வயதுவரை எழுத்தறியாத மேய்ப்பர் என்பது அவர்களுடைய ஐதிகம். யோஹனான் என்ற மற்றொரு ரபீக்குச் 'செருப்புத் தைப்பவர்' என்பதே அடைமொழியாக நின்றுவிட்டது. இதனை எழுதும்போது நம் ஊர்ப் பாடசாலைகளில் வேதம் ஓதக் கேட்ட காதுக்கு என்ன தண்டனை விதிக்கப்பட்டது என்பது நினைவுக்கு வராமற் போகாது.

பிறப்பின் சுவடு அறவே ஒழிந்ததென்றும் கூறிவிட இயலாது. இன்றும் ஜெபஆலயத்தில் வேதம் படிக்க முதலில் அழைக்கப்படுபவர் கோஹனே. ஆசீர்வாதம் மொழிவதும் அவருக்கே உரியது. கிழக்கு ஐரோப்பாவில் தந்தைக்குப்பின் மகனென்று ரபீ பீடங்கள் பரம்பரையாகிவிட்டதும் உண்டு. எனினும் கொள்கை வேறு, குறைபாடு வேறு. இளைஞன் ஒருவன் ரபீ ஆக விரும்பினால் அவன் காட்டவேண்டுவது வமிசாவளி அன்று. பல்லாண்டுகள் ஆசிரியரிடம் இருந்து, தல்மூத் என்னும் பெருங்கடலைத் துணைமாணாக்கன் ஒருவனோடு எதிரெதிரே அமர்ந்து வாதிட்டுக் கற்கவேண்டும். உண்ணத்தகும் ஊன் எது, தகாதது எது, ஓய்வுநாளிற் செய்யத்தகும் வினை எது, தகாதது எது, துக்கங்காத்தல் எவ்வாறு, இவ்வாறான கேள்விகளுக்கு நூலாதாரத்தோடு விடை கூறித் தேறவேண்டும். தேறினால் ஆசிரியர் சான்றிதழ் கொடுப்பார். தலைமேற் கைவைத்து உரிமை தரும் பண்டைச் சடங்கு கிறிஸ்துவுக்குப்பின் சில நூற்றாண்டுகளிலேயே அற்றுப்போய்விட்டது. இப்பொழுதுள்ளது ஒரு கடிதமே. அக்கடிதம் பெற்றவரை ஏதேனும் ஒரு சபை விரும்பி அழைத்தால் ஊதியமும் ஒப்பந்தமும் பேசி அமர்த்திக்கொள்ளும். பிடிக்கவில்லையேல் ஒப்பந்தம் முடிந்ததும் வழியனுப்பிவிடும். வேதங்கற்பிக்கக் கூலி வாங்குவதே தகாதென்று 12ஆம் நூற்றாண்டின் மைமோனிதெஸ் வன்மையாக எழுதினார். அவர் தம் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்தார். அவருடைய தம்பி இந்தியாவை நோக்கி வியாபாரத்திற்குக் கப்பலேறிக் கடலில் மாண்டவர் என்பது நம்மவர்க்கு ஒரு சிறு தொடர்பு.

இவற்றினும் வியப்பு, வழிபாட்டுக்கு ரபீயே வேண்டுவதில்லை என்பது. வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடினாற் போதும். அவருள் எழுத்தறிந்த எவரும் தொழுகையை நடத்தலாம். பதின்மர் கூடாவிட்டால், ரபீ நூற்றுவர் தூரத்தில் இருந்து பயனில்லை. பினாங்கில் நாகூர் ரோட்டில் 1929இல் திறக்கப்பட்ட யூத ஆலயம் 1976இல் மூடப்பட்டது, வேறொன்றாலும் அன்று, பதின்மர் இல்லாமற் போனமையால். ஜோகூர்வாசிகளாகிய நமக்கு இவ்விஷயம் தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். நம் மாநிலத்தில் யூத ஆலயம் இல்லை. ஆயினும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வாட்டர்லூ வீதிக்குப் போகும் தமிழர், கிருஷ்ணன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு அதே வீதியில் 1878 முதல் நிற்கும் மகாயின் அபோத் ஆலயத்தின் வெளிச்சுவரைப் பார்த்தே திரும்பியிருப்பர். அங்கே 1994இல் பணியேற்ற ரபீ கடல்கடந்து வந்தவர். நம் ஜோகூர்க் கோயில்களிலும் அர்ச்சகர் பலர் கடல்கடந்தே வருகின்றனர். வந்த வழி ஒன்று. வருவதற்கு முன் காட்டவேண்டிய அத்தாட்சி ஒன்றன்று.

நிற்க. கொச்சி யூதரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. நாதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் என்பார் எழுதிய 'கொச்சியின் கடைசி யூதர்' 1993இல் வந்தது. அதே ஆண்டில் சீகல் என்னும் பேராசிரியர் ஒரு வரலாறு எழுதினார். 2008இல் எட்னா பெர்னாண்டஸ் 'கேரளத்தின் கடைசி யூதர்' எழுதினார். தலைப்பிலேயே 'கடைசி' என்னுஞ் சொல்லைக் கட்டிக்கொண்டு அழும் இவ்வகை நூல்களுக்கென்று ஒரு பக்குவம் ஏற்பட்டுவிட்டது. மட்டாஞ்சேரி வீதி, 1568இல் கட்டிய பரதேசி ஆலயம், 1760இல் எழுந்த மணிக்கூண்டு, சீனத்திலிருந்து வந்த நீலக் கற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சித்திரம், ஜன்னலில் ஒரு முதியவர், முடிவில் ஒரு பெருமூச்சு. சல்மான் ருஷ்தி தமது நாவலொன்றில் அந்நீலக் கற்களிலேயே மாயக்காட்சிகளைக் காட்டினார். நாவலாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் வரலாறு எழுதவந்தவர்களும் கல்லைப் பார்த்து நின்றுவிட்டால், அக்கல்லின்மேல் உட்காரவைக்கப்பட்டவர் யார், ஆசனத்தில் அமர்ந்தவர் யார் என்ற கேள்வியை யார் கேட்பது?

நமது கேள்வி இன்னும் எளியது. அவ்வாலயத்தில் கற்பித்தவர் யார்? கற்பிக்கும் தகுதியை அவர் எவ்வாறு அடைந்தார்?

விடை வியப்பானது. கொச்சி யூதரிடம் முறைப்படி சான்றிதழ் பெற்ற ரபீ பரம்பரை இருந்ததேயில்லை. ஊர்ப் பெரியவர்கள் சபையை ஆண்டனர். எபிரேயம் அறிந்த ஒருவர் தொழுகையை நடத்தினார். விதிப்படி ஆடுகோழி அறுக்கத் தேர்ந்த ஒருவர் அதனைச் செய்தார். பல வேளைகளில் இருவரும் ஒருவரே. பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவரும் அவரே. பெண்குழந்தைகளும் எபிரேயம் படித்தனர். இது வேறு நாட்டு யூதரிடம் அக்காலத்தில் அரிது. பிறர் போற்றிய ஞானிகள் சிலர் உண்டு. நெஹெமியா மோத்தா என்னும் கவி 1615இல் மறைந்தார். அவர் சமாதியில் இன்றும் பல மதத்தாரும் விளக்கேற்றுகின்றனர். எலியாஹு அதேனி என்பாருடைய பாட்டு 1688இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிற்று. இவர்கள் கற்றதனாற் பெரியோர் ஆனவர்கள்; பட்டத்தினால் அன்று. இவ்வளவும் நாம் பாராட்டற்குரியதே.

ஆனால் ரபீ இல்லாத ஊருக்குச் சிக்கல் வந்தபோது என் செய்வது? கடிதம் எழுதுவது. 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து எகிப்திலிருந்த ரபீ தாவீது இபன் ஸிம்ராவுக்குப் போன கடிதமொன்று அவருடைய தீர்ப்புத் தொகுதியில் நிற்கிறது. எங்கள் ஊரில் சுமார் 900 குடும்பங்கள், அவற்றுள் நூறு குடும்பத்தார் தம்மை உயர்குலத்தவர் என்கின்றனர், மற்றவர் வேதநெறி தவறாதவர், கொடையாளர், செல்வர், ஆயினும் அந்நூற்றுவர் இவர்களை அடிமைப் பிறப்பினர் என்று இகழ்ந்து பெண் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை, தீர்ப்பு யாது? இது கேள்வியின் சாரம். ரபீ கூறிய விடையின் சாரமும் நேரானது: ஐயம் உண்டேல் விதிப்படி நீராட்டுச் சடங்கு ஒருமுறை செய்துகொள்ளட்டும், செய்தபின் அவர்கள் யூதரே, யாதொரு குறைவுமில்லை, பெண் கொடுக்கலாம், கொள்ளலாம். அவருக்குப்பின் அவருடைய மாணாக்கர் வழியிலும் இதுவே தீர்ப்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெருசலத்துத் தலைமை ரபீயிடம் கேட்டபோதும் விடை மாறவில்லை. மூன்று நூற்றாண்டுகளாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவன், விடை தெரியாமல் கேட்கவில்லை. விடை பிடிக்காமற் கேட்கிறான்.

கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். இருக்கை மாறவில்லை.

காட்ஸ், கோல்ட்பர்க் நூலின் சிறப்பு இதனை மறைக்காமற் கூறுவது. அதன் குறை இதற்குக் கூறும் காரணத்தில் இருக்கிறது. இந்துக்களின் நடுவே வாழ்ந்தமையால் யூதர் அவர்களுடைய சுத்த அசுத்தக் கொள்கையையும் ஜாதிப்படிகளையும் தமதாக்கிக்கொண்டு மண்ணோடு ஒன்றினர் என்பது அவர்கள் கொள்கை. இதில் உண்மை உண்டு. நம் நாட்டின் ஜாதிநோய் தொட்டவரையெல்லாம் பற்றும் என்பதற்கு நம்மினும் அறிந்தவர் இலர். கிறிஸ்தவரைப் பற்றிற்று, யூதரை விடுமா? ஆயினும் தொற்றிய விதத்தைக் கூறுவது ஒன்று. தொற்றியதை ஓர் அழகிய இணக்கமாக வருணிப்பது மற்றொன்று. மருந்து கடல்வழியாக மும்முறை வந்தது. அதனை உண்ண மறுத்தவர்கள் வேதம் அறிந்த யூதர்களே. மறுக்கும்படி எந்த நம்பூதிரியும் அவர்கள் கையைப் பிடிக்கவில்லை. கொச்சிக் கடிதத்திற்குப் பல நூற்றாண்டு முன்னரே, 1132இல், அதே மேற்குக் கரையில் மங்களூரில் ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் ஆஷு என்னும் அடிமைப்பெண்ணை எழுத்து மூலம் விடுவித்தார். அவளே அவருக்கு மனைவியும் ஆனாள் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அவரும் இந்நாட்டுக் காற்றையே சுவாசித்தவர். காற்றின்மேல் முழுப்பழியையும் போடுவதற்கில்லை.

மேலே கூறிய பிரிவுகளை வாசகர் குழப்பிக்கொள்ளலாகாது. கொச்சியில் யூதர் முத்திறத்தினர். பெருந்தொகையினர் மலபார் யூதர்; அவர்களைக் 'கறுப்பர்' என்றார்கள்; அவர்களுக்குத் தனி ஆலயங்கள் இருந்தன. பிற்காலத்தில் வந்த சிறுகூட்டத்தார் பரதேசிகள், இவர்களே 'வெள்ளையர்'. வந்தேறிக்குப் பரதேசி என்ற பெயரும் இருந்து, மேற்குலம் என்ற பட்டமும் கிடைத்த இடம் இதுபோல் வேறு உண்டோ அறியோம்! மூன்றாமவர் பரதேசி ஆலயத்தையே சேர்ந்தவர், ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என்று குறிக்கப்பட்டவர். இவர்களை மெஷுஹ்ராரிம் என்பர். ஒரே ஆலயம், ஒரே வேதம், ஒரே தொழுகை. ஆனால் இவர்களுக்கு ஆசனம் இல்லை, தரையிலோ முன்கூடத்திலோ இருக்கவேண்டும். வேதம் படிக்க மற்றவரைப்போல் அழைப்பு இல்லை. இறந்தபின் இடுகாட்டிலும் ஒரே வரிசை இல்லை. ரபீயாவதற்குக் கல்வியே தகுதி என்ற சமூகத்தில், கற்றவனும் எழுந்து வேதச்சுருளை விரிக்கக் கூடாது என்றால், அச்சமூகத்தில் ரபீ பிறப்பதெங்ஙனம்? கொச்சியில் ரபீ தோன்றாமைக்குத் தொலைவும் சிறுதொகையும் காரணம் என்று நூல்கள் கூறுகின்றன. கூறாத காரணம் இதுவும் ஒன்று என்பது நமது எண்ணம்.

இக்கூட்டத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். (நம் சேலம் நகருக்கும் இப்பெயருக்கும் சம்பந்தமில்லை, எபிரேயத்தில் சமாதானம் என்னும் பொருளுடையது. அவர் வாழ்வு அப்பொருளுக்குப் பொருந்தியதா என்பது வேறு.) கொச்சி யூதருள் முதன்முதற் பட்டம் பெற்றவர் அவர், சென்னையில் சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர். நீதிமன்றத்தில் ஆசனம், சட்டசபையில் ஆசனம், தம் தெருவிலுள்ள ஆலயத்தில் மட்டும் தரை. அவர் செய்தது சத்தியாக்கிரகம். ஆலயத்தை விட்டு விலகினார். பிறகு மீண்டு வந்து உள்ளிருந்தே எதிர்த்தார். உண்ணாவிரதம் இருப்பேன் என்று அச்சுறுத்தினார். தம் புதல்வரையும் அவ்வழியே பயிற்றினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் 1950இல் அவர் புதல்வர் ஒருவர் 'வெள்ளை' குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, மணத்தைப் பம்பாய்க்குப் போயன்றோ நடத்தவேண்டியிருந்தது! வைக்கத்தில் தெருவுக்காகப் போராடிய 1924க்கும் இதற்கும் இடையில் ஒரு தலைமுறை. கொச்சிக்கும் வைக்கத்திற்கும் இடையில் சில மணிநேரப் படகுவழி.

இவர் 1929இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன் பெயர் 'நித்திய தீபம்' என்று தமிழாகும். பொருள், அதே பரதேசி ஆலயம். எவ்வாலயத்திற் சம இடம் மறுக்கப்பட்டதோ அதன் வரலாற்றை அன்போடு எழுதியவர் அவ்விடம் மறுக்கப்பட்டவரே. இதனைச் சிலர் அடிமைமனம் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. வீட்டை இடிக்க வந்தவன் வீட்டின் வரலாற்றை எழுதமாட்டான். பங்கு கேட்பவனே பத்திரத்தைத் தேடுவான். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் பிற்கால ஆராய்ச்சியாளர் மேற்கோளாக எடுத்தாண்டனர். அவற்றைப் பற்றி எழுதினோர் பலர்; ஆயினும் நம் மொழியில் அவரைப்பற்றி ஒரு தனிநூல் வரவேண்டும் என்பது நமது அவா. 'யூதக் காந்தி' என்று அவரைப் புகழும் பத்திரிகையாளர், காந்தி எதிர்த்தது அன்னிய அரசை, சாலேம் எதிர்த்தது தம் சொந்தப் பெரியப்பன்மாரை என்ற வேறுபாட்டை நினைப்பதில்லை. பின்னது கடினம். அன்னியன் சிறையில் அடைப்பான். உறவினன் சாவுக்கு வரமாட்டான்.

இக்கூட்டத்தாரின் வாழ்வை உள்ளிருந்து எழுதிய நூல் ஒன்று உண்டு. நாம் இங்கு முக்கியமாகப் பரிந்துரைக்க விரும்புவது அதுவே. ரூபி தானியேல் என்னும் அம்மையார், பார்பரா ஜான்சன் என்னும் மானிடவியல் ஆசிரியையுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட 'கொச்சியின் ரூபி'. அம்மையார் 1912இல் பிறந்தவர், கொச்சி யூதப் பெண்களுள் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவிற் பணிபுரிந்தவர், 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து வடக்கிலுள்ள கூட்டுப் பண்ணையொன்றில் வாழ்ந்தார், 2002இல் மறைந்தார். நூலைப் படிப்பவர் முதலிற் சலிப்படையக்கூடும். குடும்பக்கதை தொடங்கும், இடையில் பண்டிகை வரும், பேய் ஒன்று தலைகாட்டும், கிராங்கனூர்ப் பழங்கதை குறுக்கிடும், பாட்டுக்கள் வரும். பண்டிதர் எழுதும் முறை இதுவன்று. பாட்டி பேசும் முறை. உடனாசிரியையின் முன்னுரையும் குறிப்பும் இதற்கு வேலி கட்ட முயல்கின்றன. வேலியை மீறிக் கொடி படர்கிறது. அதுவே நன்று.

நூலின் குறையையும் கூறவேண்டும். தம் கூட்டத்தார்மேற் சுமத்தப்பட்ட 'அடிமை' என்ற பெயரை அம்மையார் வெறுக்கிறார், வெறுப்பது நியாயம். ஆனால் அவ்வெறுப்பு, 'நாங்கள் அடிமைகள் அல்லோம்' என்ற விடைப்பக்கமே பெரிதும் சாய்வதாக நமக்குத் தோன்றுகிறது. 'அடிமைகளின் மக்களாயின் என்ன?' என்பதன்றோ வலிய விடை? தாழ்ந்தவன் என்றவனிடம் உயர்ந்தவன் என்று நிரூபிக்கப் புகுந்தால், உயர்வு தாழ்வு என்னும் அளவுகோலை அவனிடமிருந்தே கடன் வாங்கியதாகும். எகிப்தில் நாங்கள் அடிமைகளாயிருந்தோம் என்று ஆண்டுதோறும் பஸ்கா இரவில் பிள்ளைகளுக்குக் கூறும் ஒரே மதம் யூதமதம். அம்மதத்தாரிடை அடிமைவழி என்பது இழிசொல்லாயிற்றே, இதனைச் சுட்டி நான்கு பக்கம் எழுதியிருந்தால் அந்நூலின் பெருமை இருமடங்காகியிருக்கும்.

எனினும் ஒரு பெருங்காரியத்தை அந்நூல் செய்துவிட்டது. கொச்சியில் கற்பித்தவர் யார் என்ற நம் கேள்விக்கு அதுவே முழுவிடை. கற்பித்தவர் பெண்கள். கேரள யூத ஆலயங்களில் வேதம் படிக்கும் மேடை இரண்டு: ஒன்று நடுக்கூடத்தில், மற்றொன்று மேல்மாடத்தில், பெண்கள் இருக்கும் பகுதியை அடுத்து. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் வேதம் ஓதப்படுவது மேல்மேடையில். ஆகவே ஓதும் குரல் பெண்களுக்கு அருகில் கேட்டது. கேட்டதை அவர்கள் தம் மலையாளத்திற் பாட்டாக்கினார்கள். ஆபிரகாம் கதையும் எஸ்தர் கதையும் கல்யாண வீட்டுப் பாட்டாயின. பாட்டைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதித் தாய் மகளுக்குக் கொடுத்தாள். 'வெள்ளை' வீட்டிலும் 'கறுப்பு' வீட்டிலும் ஒரே பாட்டு. ஆடவர் ஆசனத்துக்குச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, வரம்பு கடந்து வழங்கிய கல்வி இதுதான். சான்றிதழ் இல்லாத ரபீக்கள் இவர்கள் என்றால் மிகையன்று. பெர்லினைச் சேர்ந்த ரெஜினா யோனாஸ் என்னும் பெண் 1935இல் முறையாகச் சான்றிதழ் பெற்று முதற் பெண் ரபீ ஆனார். 1944இல் ஆஷ்விட்சில் நாஜிகள் அவரைக் கொன்றனர். கொச்சியில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பாட்டிமார் அவரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

ரபீக்களின் தீர்ப்பைக் கொச்சியார் புறக்கணித்ததைக் கண்டித்தோம். ரபீக்கள் என்றும் நியாயத்தின் பக்கமே நின்றனர் என்று வாசகர் முடிவுகட்டிவிட வேண்டாம். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேலருக்கு வேதமுறை கற்பிக்க 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொச்சியிலிருந்தே ஆசிரியர் சென்றனர். தம்முள் ஜாதி பார்த்தவர் பிறர்க்குக் கல்வி கொடுத்தனர். அப்பெனே இஸ்ரேலர் பிற்காலம் இஸ்ரேலுக்குப் போனபோது, அங்குள்ள தலைமை ரபீ பீடம் 1962இல் அவர்கள் மணம் செய்யுமுன் பாட்டன் பாட்டி வரை வமிசத்தை ஆராயவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. 1964இல் அவர்கள் ஜெருசலத்தில் மறியல் செய்தார்கள். நாட்டின் சட்டசபையே கூடி அவர்கள் எவ்வகையிலும் முழு யூதரே என்று கூறவேண்டியதாயிற்று. ஆணை பிறகு திருத்தப்பட்டது. படிப்பினால் ஆசனம் பெற்றவரே பிறப்பைக் கேட்கத் தொடங்கிய கதை இது. ஏணியில் ஏறியவன் ஏணியை மேலிழுத்துக்கொள்வது யூதருக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

நம்மவர் கணக்கும் இதனோடு பார்க்கத்தக்கது. தகுதியுடைய எவரும் அர்ச்சகராகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் 1970இல் சட்டம் வந்தது. வழக்குகள் நடந்தன, 2006இல் மீண்டும் ஆணை, 2015இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பயிற்சி பெற்ற பல ஜாதியினர் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில் நியமனம். தொடக்கத்திற்கும் நியமனத்திற்கும் இடையே 51 ஆண்டுகள். கொச்சிக் கடிதத்தின் விடை வந்து, ஆசனம் கிடைப்பதற்கு ஆன காலத்தோடு ஒப்பிட்டால் இது விரைவு என்றும் ஒருவர் கூறலாம்.

இனி ஒரு சொல்லாராய்ச்சி. கி. பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யூத வணிகத் தலைவன் ஒருவனுக்கு வழங்கிய செப்பேடு கொச்சியில் காக்கப்பட்டு வந்தது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழினின்றும் அதிகம் விலகாத பழைய மலையாளம். யோசேப்பு ரப்பான் என்னும் அவன் பெயர் அதில் 'இசுப்பு இரப்பான்' என்று நிற்கிறது. ரப்பான் என்பதற்கு அரமேயத்தில் 'எங்கள் ஆசான்' என்று பொருள். ரபீ என்பதன் உடன்பிறப்பு. தமிழன் காதில் அதுவே பிச்சை கேட்பவன் என்று ஒலிக்கிறது! அவனுக்குக் கிடைத்தவை எழுபத்திரண்டு 'வீடுபேறு'. பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலாய உரிமைகள். அவை அவனுக்கும் அவன் மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாக உரியன. ஆசான் என்னும் பெயருடையவனுக்கு மன்னன் தந்தது பரம்பரைச் சொத்து. பெயர் ஒரு வழி, பட்டயம் ஒரு வழி. கொச்சியில் பட்டயமே வென்றது. கடைசி யூதர் என்று எழுதும் ஆசிரியர் பலர் அச்செப்பேட்டைப் புகழ்ந்து பக்கம் நிரப்புகிறார்கள்; வழிவழியாக என்ற சொல்லில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

அம்மகளிர் பாட்டுகளைத் தொகுத்து ஸ்கரியா ஸக்கரியா என்னும் மலையாள அறிஞரும் ஒஃபிரா கமலியேல் அம்மையாரும் 2005இல் ஜெருசலத்தில் வெளியிட்ட பதிப்பின் பெயர் 'கார்குழலி'. மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்பும் அதில் உள்ளன. கார்குழலி என்ற பெயரைத் தமிழ்க் குழந்தைக்கும் விளக்க வேண்டுவதில்லை. பாட்டுக்களிற் பழையன சில அவ்வளவு நம்மை ஒட்டியவை. தமிழ் எழுத்தில் அவற்றை அச்சிட்டு, அருஞ்சொற்களுக்குமட்டும் குறிப்பெழுதினால் நம் வாசகர் நேராகவே படித்துவிடுவர். சிங்கப்பூரிலோ ஜோகூரிலோ உள்ள நம் நூற்பதிப்பாளர் எவரேனும் இதில் முயன்றால், அச்சுக்கூலி பெரிதாகாது. மூல நோட்டுகளுட் பல கொச்சியில் இல்லை. உடையவர்களோடு கடல்கடந்து இஸ்ரேலுக்குப் போய்விட்டன.